கேஸ் தொழிலுக்கு மாற நினைக்கும் இளைஞர்களே! அட்டைக்கு முன் கையைப் பழக்குங்கள்!

(பிரிட்டனில் வாழும் தமிழ் முஸ்லிம் இளைஞர்களும் வியாபாரிகளும் கலந்து கொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இங்குள்ள நம் இளைஞர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "பத்து வருடமாக டாக்ஸி ஓட்டுகிறேன். முதுகு போய்விட்டது. கையில் ஒரு தொழில் வேண்டும். கேஸ் பயிற்சியில் சேரலாமா?" என்று ஒருவர் கேட்கிறார். பலசரக்குக் கடையில் காலையிலிருந்து நள்ளிரவு வரை நிற்பவரும் இதையே கேட்கிறார். கிடங்கில் இரவு வேலை பார்ப்பவரும் இதையே கேட்கிறார்.

நல்ல கேள்வி. கையில் தொழில் இருப்பவன் யாரிடமும் கை கட்டி நிற்க வேண்டியதில்லை. இந்த நாட்டில் பெரும்பாலான வீடுகள் கேஸ் பாய்லரால்தான் குளிர் காய்கின்றன. அந்தப் பாய்லரைப் பொருத்தவும், பழுது பார்க்கவும், ஆண்டுதோறும் சோதிக்கவும் ஆள் வேண்டும். எனவே சேரலாமா என்றால், சேரலாம். தாராளமாகச் சேரலாம்.

ஆனால் எதில் சேருகிறோம் என்பதைத் தெரிந்து கொண்டு சேர வேண்டும். சில வாரங்களில் கேஸ் இஞ்ஜினியர் ஆகிவிடலாம், மறுநாள் முதல் பணம் கொட்டும் என்ற பாணியில் விளம்பரங்கள் வருகின்றன. அதை நம்பி, சேர்த்து வைத்த சில ஆயிரம் பவுண்டுகளைக் கட்டிவிட்டு, பாதி வழியில் நிற்கும் நிலை நம் பிள்ளைகளுக்கு வரக் கூடாது. அதற்காகவே இன்று இதைப் பேச எடுத்துக் கொண்டோம்.

ஒரு நட்டு செய்த வேலை

இந்தத் தொழிலுக்கு ஏன் இத்தனை கட்டுப்பாடு? தச்சு வேலைக்கு இல்லை, பெயின்ட் அடிப்பதற்கு இல்லை, இதற்கு மட்டும் ஏன் சட்டம்?

1968ஆம் ஆண்டு மே 16ஆம் தேதி நடந்ததைக் கேளுங்கள். இடம் கிழக்கு லண்டனில் நியூஹாம். ஈஸ்ட் ஹாமில் நம் தமிழ்க் கடைகள் வரிசையாக இருக்கின்றனவே, அதே நியூஹாம்தான். அங்கே ரோனன் பாயின்ட் என்ற 22 மாடிக் குடியிருப்பு. திறந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. 18ஆவது மாடியில் குடியிருந்த ஒரு பெண்மணி, விடியற்காலை ஆறு மணிக்குச் சற்று முன் தேநீர் போடுவதற்காகத் தீக்குச்சியைக் கிழித்தார். கசிந்து நின்ற கேஸ் வெடித்தது. கட்டடத்தின் ஒரு மூலை மேலிருந்து கீழ்வரை அப்படியே சரிந்தது. நான்கு பேர் இறந்தார்கள். 17 பேர் காயமடைந்தார்கள்.

விசாரணை நடந்தது. கட்டடத்தின் அமைப்பில் குறை இருந்தது தெரிய வந்தது. கேஸ் கசிந்தது எப்படி என்றும் தேடினார்கள். அடுப்போடு குழாயை இணைத்த ஒரு பித்தளை நட்டு உடைந்திருந்தது. தரக்குறைவான நட்டு. அவ்வளவுதான்!

சிந்தித்துப் பாருங்கள்! உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு நட்டு, மாடி மாடியாகக் குடும்பங்கள் உறங்கிய கட்டடத்தை உலுக்கியது.

இதன் பிறகு 1970இல் கேஸ் வேலை செய்பவர்களைப் பதிவு செய்ய 'கார்கி' என்ற அமைப்பு உருவானது. முதலில் விரும்பியவர்கள் பதிந்தார்கள். 1991இல் பதிவு கட்டாயமாக்கப்பட்டது. இன்று நடைமுறையில் இருக்கும் கேஸ் பாதுகாப்பு விதிகள் 1998ஆம் ஆண்டைச் சேர்ந்தவை. 2009 ஏப்ரல் 1 முதல் கார்கியின் இடத்தில் 'கேஸ் சேஃப் ரெஜிஸ்டர்' இருந்து வருகிறது. அதில் பதிவு பெறாதவர் கூலிக்கு ஒரு வீட்டின் கேஸ் குழாயில் கை வைத்தால் அது குற்றம். அபராதமும் உண்டு, சிறையும் உண்டு.

அட்டையின் பின்பக்கம்

பதிவு பெற்றவரிடம் ஓர் அடையாள அட்டை இருக்கும். முன்பக்கத்தில் புகைப்படம், எண், எந்தத் தேதி வரை செல்லும் என்ற விவரம். நம் மக்கள் அதைப் பார்த்ததும் திருப்தி அடைந்து விடுகிறார்கள். விஷயம் இருப்பது பின்பக்கத்தில்! அவர் எந்தெந்த வேலைக்குத் தகுதி பெற்றவர் என்பது அங்கேதான் அச்சிடப்பட்டிருக்கும்.

வீட்டு வேலைக்கான அடிப்படைத் தேர்வை 'சி.சி.என். 1' என்பார்கள். அதை முடித்த பிறகு பாய்லருக்கும் சுடுநீர்க் கருவிக்கும் ஒரு தேர்வு, சமையல் அடுப்புக்கு ஒன்று, அறையைச் சூடாக்கும் கேஸ் கணப்புக்கு ஒன்று, மீட்டருக்கு ஒன்று என்று தனித்தனியாக எழுதியும் செய்து காட்டியும் தேற வேண்டும். அடுப்புக்கு மட்டும் தகுதி பெற்றவர் பாய்லரின் மூடியைத் திறக்கக் கூடாது. ஒரு முறை தேறியதோடு முடிந்து விடாது. ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை திரும்பவும் தேற வேண்டும். பதிவை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும்.

"நண்பனிடம் அட்டை இருக்கிறது, அவன் பெயரில் நான் வேலை செய்து கொள்கிறேன்" என்று சொல்பவர்கள் உண்டு. சகோதரர்களே! அட்டை என்ன, இரவல் வாங்கும் குடையா? பதிவு பெற்றவர் பக்கத்தில் நின்று, அவர் பார்வையில் கற்றுக் கொள்வது பயிற்சி. அவர் வீட்டில் படுத்திருக்க, அவர் பெயரைச் சொல்லி நீங்கள் போய்ச் செய்வது மோசடி. இரண்டையும் குழப்பிக் கொள்ளாதீர்கள்.

கண்ணுக்குத் தெரியாத வேலை

பைப்பை வெட்டி, வளைத்து, இணைப்பது இந்தத் தொழிலில் ஒரு பங்குதான். குழாய் வேலை தெரிந்தவர் அதைச் சீக்கிரமே பிடித்துக் கொள்வார். மற்ற பங்குதான் உயிரோடு சம்பந்தப்பட்டது.

கசிவுச் சோதனையை எடுத்துக் கொள்ளுங்கள். யூ வடிவக் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் நிற்கும் ஓர் அளவுமானி. அதைக் குழாயோடு இணைத்து ஏறத்தாழ 20 மில்லிபார் அழுத்தம் ஏற்றுவார்கள். இரு பக்கத் தண்ணீருக்கும் இடையே ஒரு சாண் அளவு வித்தியாசம் தெரியும். மீட்டர் வால்வு மூடியும் கேஸை உள்ளே விடுகிறதா என்று பார்க்க ஒரு நிமிடம். குழாயின் வெப்பநிலை ஒரு சீராக வர ஒரு நிமிடம். பிறகு இரண்டு நிமிடம் கண் கொட்டாமல் தண்ணீர் மட்டத்தைப் பார்க்க வேண்டும். கருவி எதுவும் இணைக்காத புதுக் குழாய் என்றால் மட்டம் துளியும் இறங்கக் கூடாது. அடுத்த வீட்டுக்காரர் போன் அடித்துக் கொண்டே இருப்பார். வாடிக்கையாளர் "முடிந்ததா?" என்பார். அந்த இரண்டு நிமிடத்தை ஒரு நிமிடமாக்காதவனே தொழிலாளி.

அடுத்து எரியும் விதம். கேஸ் சரியாக எரியக் காற்று வேண்டும். போதுமான காற்றும் புகை வெளியேற நல்ல வழியும் இருந்தால் கரியமில வாயுவும் நீராவியும்தான் வரும். காற்று குறைந்தால், புகைக் குழாய் அடைத்திருந்தால், வருவது கார்பன் மோனாக்சைடு. அதற்கு நிறமில்லை, மணமில்லை. கண் எரியாது, இருமல் வராது. குழாயில் வரும் கேஸுக்காவது கசிவு தெரிவதற்காக ஒரு நாற்றத்தைச் சேர்த்து விடுகிறார்கள். இதற்கு அதுவும் கிடையாது. மூச்சில் போனால் ரத்தத்தில் பிராண வாயு ஒட்டும் இடத்தில் அதைவிட 200 மடங்குக்கும் மேலான பற்றுடன் இது போய் ஒட்டிக் கொள்ளும். தலை வலிக்கும், சுற்றும், குமட்டும். குளிர்காலத்துக் காய்ச்சல் என்று நினைத்து, ஜன்னலை இறுக மூடி, ஹீட்டரைக் கூட்டி வைத்துப் படுப்பார்கள். சிலர் எழுந்திருப்பதில்லை.

ஆகவே தொழில் தெரிந்தவன் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் பாய்லரை மட்டும் பார்க்க மாட்டான். காற்று வரும் துளையை யாராவது குளிருக்காகத் துணி வைத்து அடைத்திருக்கிறார்களா என்று பார்ப்பான். சுடர் நீலமாக இருக்கிறதா, மஞ்சளாகச் சோம்பி எரிகிறதா என்று பார்ப்பான். சுவரில் கரி படிந்திருக்கிறதா என்று பார்ப்பான். புகையை அளக்கும் கருவியை வைத்து எண்ணைக் குறித்துக் கொள்வான்.

ஊர்ப் பழக்கமும் இங்கே நம்மை ஏமாற்றும். ஊரில் நாம் கண்ட சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு படியும். இங்கே தெருக் குழாயில் வரும் இயற்கை எரிவாயு காற்றைவிட லேசானது. மேலே ஏறும். ஒன்றுக்குத் தேறியவர் மற்றதைத் தொட வேண்டுமானால் அதற்கென்று தனித் தகுதி பெற வேண்டும்.

எல்லாவற்றையும்விடக் கடினமான பாடம் ஒன்று இருக்கிறது. அது மறுத்துச் சொல்லும் பாடம். பாய்லர் ஆபத்தாக இருக்கிறது என்று கண்டால், உடனடி ஆபத்தா, ஆபத்துக்கு இடமுள்ளதா என்று வகைப்படுத்தி, எழுதிக் கொடுத்து, உரிமையாளரின் சம்மதத்தோடு அதைத் துண்டித்து, எச்சரிக்கைச் சீட்டு ஒட்ட வேண்டும். வெளியே பனி. வீட்டில் குழந்தை. "இருக்கட்டும் தம்பி, திங்கட்கிழமை பார்ப்போம்" என்பார்கள். உடனடி ஆபத்து என்றால் திங்கட்கிழமை வரை தள்ள முடியாது. அவர்கள் சம்மதிக்கவில்லையா? 0800 111 999 என்ற கேஸ் அவசர எண்ணுக்கு அங்கிருந்தே தகவல் கொடுக்க வேண்டும். முகம் கோணுவார்கள். கூலி போகலாம். ஆனால் அந்த வீட்டாரின் உயிர் அந்த நேரத்தில் உங்கள் கையில் உள்ள அமானிதம் அல்லவா?

முடிச்சு எங்கே இருக்கிறது?

இப்போது வழிக்கு வருவோம். இந்தத் தொழிலுக்கு வருபவர்கள் மூன்று வகை. ஏற்கனவே கேஸில் இருப்பவர்கள் ஒரு வகை. பிளம்பிங், ஹீட்டிங் போன்ற பக்கத்துத் தொழிலில் இருந்து வருபவர்கள் இரண்டாம் வகை. டாக்ஸி, கடை, கிடங்கு என்று தொடர்பே இல்லாத வேலையில் இருந்து வருபவர்கள் மூன்றாம் வகை. நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் மூன்றாம் வகை. இரண்டாம் வகையாருக்குச் சொல்லப்படும் குறுகிய காலக் கணக்கை இவர்கள் தங்கள் கணக்காக எடுத்துக் கொள்வதுதான் முதல் ஏமாற்றம்.

சம்பளத்தோடு கற்கும் அப்ரென்டிஸ் வழி உண்டு. பிளம்பிங்கும் வீட்டு ஹீட்டிங்கும் சேர்ந்த பயிற்சி வழக்கமாக 4 ஆண்டு. இங்கிலாந்தில் இதற்கு மேல் வயது வரம்பு இல்லை. இளம் வயதினருக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. குடும்பஸ்தர்கள் தேடுவது இரண்டாவது வழி. முதலில் வகுப்பும் பட்டறையும். பிறகு பதிவு பெற்ற ஒருவரோடு உண்மையான வீடுகளுக்குப் போய் வேலை செய்து, செய்த ஒவ்வொன்றுக்கும் புகைப்படமும் குறிப்பும் அவர் கையெழுத்துமாக ஆதாரக் கோப்பு சேர்ப்பது. அதன் பிறகே தேர்வு. தேறிய பிறகே பதிவு.

கவனியுங்கள் சகோதரர்களே! முதல் படிக்குப் பணம் போதும். கட்டினால் வகுப்பு கிடைக்கும். கடைசிப் படிக்குப் படிப்பு போதும். நடுப்படிக்கு ஓர் ஆள் வேண்டும்! "வா தம்பி, என் வேனில் ஏறு" என்று சொல்லும் ஓர் ஆள். முடிச்சு இங்கேதான் இருக்கிறது. அந்த ஆளைத் தேடும் பொறுப்பு பல இடங்களில் மாணவன் தலையிலேயே விழுகிறது. அப்பா, மாமா இந்தத் தொழிலில் இருப்பவனுக்கு அது ஒரு போன். நம் பிள்ளைக்கு? வகுப்பை முடித்துவிட்டு, கோப்பு காலியாக இருக்க, மறுபடியும் டாக்ஸி சாவியை எடுக்க வேண்டியதுதான்.

பணம் கட்டும் முன் நான்கு கேள்விகள்

இளைஞர்களே! யாரிடமும் ஒரு பவுண்டு கொடுக்கும் முன் இவற்றைக் கேளுங்கள்.

1. வேலைத்தளப் பயிற்சிக்கு ஆளை ஏற்பாடு செய்வது யார்? நிலையம் என்றால் அதை எழுத்தில் தருவார்களா? எத்தனை நாட்களுக்குள்?

2. சொல்லும் கட்டணத்தில் இறுதித் தேர்வும் அடக்கமா? தவறினால் மறு தேர்வுக்கு எவ்வளவு? கருவிகள், பதிவுக் கட்டணம், காப்பீடு ஆகியவற்றைக் கூட்டினால் மொத்தம் எவ்வளவு?

3. முடிவில் கையில் கிடைப்பது என்ன? பதிவுக்கு ஏற்கப்படும் தகுதியா, வெறும் வருகைச் சான்றிதழா? நிலையத்தாரை மட்டும் கேட்காதீர்கள். கேஸ் சேஃப் ரெஜிஸ்டரிடமே கேட்டு உறுதி செய்யுங்கள்.

4. இந்த வேலை என் உடம்புக்கும் மனதுக்கும் ஒத்து வருமா? தெரிந்த பிளம்பர் ஒருவரோடு சில நாள் உதவியாளாகப் போய்ப் பாருங்கள். மண்டியிட்டு அலமாரிக்குள் தலையை நுழைப்பதும், தூசி நிறைந்த கூரை அறையில் ஊர்வதும், பனிக்காலக் காலையில் ஆறு மணிக்குக் கிளம்புவதும்தான் இந்தத் தொழில்.

ஆங்கிலத்தையும் மறந்து விடாதீர்கள். விதிகளும், பாய்லர் கம்பெனியின் கையேடும், நீங்கள் எழுதித் தர வேண்டிய எச்சரிக்கைச் சீட்டும் ஆங்கிலத்தில்தான். கைவேலை தெரிந்தும் எழுதத் தடுமாறுபவர் முதலில் மாலை நேர ஆங்கில வகுப்பில் சேர்ந்து கொள்ளட்டும். அதில் வெட்கம் எதற்கு?

"பாய்லர் காலமே முடியப் போகிறதாமே?" என்றும் கேட்கிறார்கள். காற்றிலிருந்து சூட்டை இழுக்கும் ஹீட் பம்ப்புக்கு அரசு ஊக்கம் தருவது உண்மை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2022இல் தொடங்கிய மானியம் 2023 அக்டோபரில் 7,500 பவுண்டாக உயர்த்தப்பட்டது. ஆனால் வீடுகளில் உள்ள கோடிக்கணக்கான பாய்லர்கள் ஒரே இரவில் கழற்றப்படப் போவதில்லை. அவை இருக்கும் வரை சோதிக்க ஆள் வேண்டும். கேஸை மட்டும் கற்காமல், ரேடியேட்டர், தண்ணீர்ச் சுற்று, வீட்டின் வெப்பக் கணக்கு ஆகியவற்றையும் சேர்த்துக் கற்றவனுக்கு ஹீட் பம்ப் அடுத்த படி. கேஸ் குழாயோடு நின்றவனுக்குத்தான் அது பயம்.

வியாபாரப் பெருமக்களே!

இளைஞர்களுக்கு மட்டும் சொல்லிவிட்டு உங்களை விட்டு விடுவது நியாயமாகாது.

உங்களில் பலர் கடைக்கு மேலே உள்ள அறைகளை வாடகைக்கு விடுகிறீர்கள். குடியிருப்பவர்கள் யார்? நேற்று வந்திறங்கிய நம் பிள்ளைகள். வாடகை வீட்டின் கேஸ் கருவிகளையும் புகைக் குழாயையும் ஆண்டுக்கு ஒரு முறை பதிவு பெற்றவரை வைத்துச் சோதிக்க வேண்டும் என்பது சட்டம். அந்தச் சோதனைப் பத்திரத்தின் நகலை 28 நாட்களுக்குள் குடியிருப்பவரிடம் கொடுக்க வேண்டும். புதிதாக வருபவருக்குக் குடியேறும் முன்பே கொடுக்க வேண்டும். 2022 அக்டோபர் 1 முதல் இங்கிலாந்தில், பாய்லர் போன்ற நிலையான எரிகருவி உள்ள வசிப்பறையில் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கை மணியும் கட்டாயம். சமையல் அடுப்புக்கு மட்டும் இதில் விலக்கு. சட்டம் விலக்கினாலும் ஒரு மணியை வாங்கி மாட்டுவதால் நம் சொத்து குறைந்து போகுமா?

உணவகம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டு பாய்லருக்குத் தகுதி பெற்றவர் உங்கள் சமையல் கூடத்தைத் தொடக் கூடாது. உணவகச் சமையல் கருவிகளுக்குத் தனித் தகுதி. புகை இழுக்கும் விசிறி நின்றால் கேஸ் தானாக நின்றுவிடும்படி இணைப்பு வைப்பது எதற்காக? உங்கள் சமையற்காரரின் மூச்சுக்காக. அதைத் தந்திரமாகச் செயலிழக்கச் செய்து விட்டு அடுப்பைப் பற்ற வைக்காதீர்கள். கரித் தந்தூர் வைத்திருப்பவர்கள், இரவு கடையை மூடிய பிறகும் அந்தக் கரி கனன்று கொண்டே இருக்கும், அதன் நச்சு மாடியில் உறங்குபவரைச் சென்றடையும் என்பதை நினைவில் வையுங்கள். வேலைக்கு வருபவரிடம் அட்டையைக் கேளுங்கள். வாங்கித் திருப்பிப் பாருங்கள்!

கடைசியாக, நாம் சொன்ன அந்த முடிச்சு. அதை அவிழ்க்கும் நுனி உங்கள் கையில்தான் இருக்கிறது. பத்துக் கடை, பத்து வாடகை வீடு வைத்திருப்பவர் ஆண்டுதோறும் ஒரு கேஸ் இஞ்ஜினியருக்கு வேலை கொடுக்கிறார். அந்த வேலையைக் கொடுக்கும்போதே, "எங்கள் பையன் ஒருவனை உங்களோடு அழைத்துப் போய்க் கற்றுக் கொடுங்கள்" என்று கேட்டால் அவர் லேசில் மறுப்பாரா? அவருடைய காப்பீட்டில் பயிற்சியாளனும் அடங்குகிறானா என்பதை மட்டும் பார்த்துக் கொள்ளுங்கள். கட்டணத்துக்கு அந்தப் பையன் வட்டிக் கடனில் விழாமல், நான்கு பேர் சேர்ந்து அழகிய கடனாகக் கொடுங்கள். சம்பாதிக்கத் தொடங்கியதும் தவணையாகத் திருப்பித் தரட்டும். அது அடுத்த பையனுக்குப் போகட்டும்.

ஏற்கனவே அட்டை வாங்கிவிட்ட நம் சகோதரர்கள் சிலர் இருக்கிறீர்கள். "இன்னொருவன் வந்தால் என் பிழைப்பு என்னாவது?" என்று அஞ்சாதீர்கள். ஒரு நேரத்தில் ஒருவன் போதும். உங்கள் வேனில் ஓர் இருக்கை காலியாகத்தானே இருக்கிறது?

இன்று கலைந்து போகும் முன் இரண்டு தாள்களை எடுங்கள். ஒன்றில் நமக்குத் தெரிந்த பதிவு பெற்றவர்களின் பெயர்கள். மற்றொன்றில் கற்க விரும்பும் இளைஞர்களின் பெயர்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டாவது தாள் நீளமாக இருக்கும். முதல் தாளில் உள்ள ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு பையனின் பெயரை எழுதிவிட்டு எழுந்திருப்போம். இன்ஷா அல்லாஹ், அதில் ஒருவன் ஒரு பனிக்கால இரவில், யாருடைய வீட்டிலோ, அந்த இரண்டு நிமிடத்தை முழுதாக நின்று பார்ப்பான். அந்த வீட்டார் நிம்மதியாக உறங்குவார்கள்.